அக்கா போட்டுக்கொண்ட ஆறு ஊசிகள்

எண்பதுகளின் நடுவில் நானும் அக்காவும் ஈப்போவில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தோம். நான் வார்டில் தாதி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். கல்லீரலை அரிக்கும் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்குப் புதிதாகத் தடுப்பூசி வந்தபோது எங்களுக்கும் மூன்று தவணையாகப் போட்டார்கள். முதல் இரண்டுக்கும் இருவரும் சேர்ந்தே போனோம். மூன்றாவதை அவள் போட்டுக்கொள்ள வேண்டிய நாளில் நான் விடுப்பில் இருந்தேன். பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். எனக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருந்தது. அவளுக்குத் துளியும் இல்லை.

"உன் அக்கா மூணாவது ஊசிக்கு வந்தாளா?" என்று மேட்ரன் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சின்ன வயதில், சுங்காய் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த தோட்டத்தில், மருந்து கொடுக்கும் டிரஸர் ஊசியோடு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்கு வரும்போதெல்லாம் அக்கா ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மேட்ரன் சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார். அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனபோது அவள் மூன்றாவது ஊசிக்குப் போகவில்லை என்று அங்கேயும் உளறினேன். அம்மா தன் பங்குக்குத் திட்டினாள்.

"போட்டேன்லா. நீயே நம்பலன்னா வேற யாரு நம்புவா?" என்றாள் அக்கா. நான் நம்பவில்லை.

மறுபடி மூன்று ஊசி. ஒவ்வொன்றுக்கும் கையோடு நானே கூட்டிக்கொண்டு போய் நின்றேன். அப்படியும் ரத்தத்தில் ஒன்றுமில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, அவவில ஒரு பிழையும் இல்லை. இது மரபணுவில வாற வித்தியாசம். சில பேரின்ர உடம்பு இந்த ஊசியை அடையாளம் காணாது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தாலும் உனக்கு வந்த பங்கு வேற, அவவுக்கு வந்த பங்கு வேற."

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க," என்றாள் அக்கா. சரி என்றேன். சொன்னால் என் வாய்க்கொழுப்பும் வெளியே வருமே என்று தள்ளிப்போட்டேன்.

ரத்தம் தொடாத வேலைக்கு அவளை மாற்றும்படி டாக்டர் எழுதிய கடிதம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் நோயாளி ஒருவரின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்து அவள் கையைக் கிழித்தது. சில மாதங்களில் கண்கள் மஞ்சளாயின. அம்மா வந்துசேர்ந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

"ஒழுங்கா ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாளே!" என்று சாவு வீட்டில் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"போட்டாம்மா. ஆறு ஊசி போட்டா. அவ மேல தப்பே இல்ல."

அம்மாவின் அழுகை நின்றது. "எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"ஏழெட்டு மாசமா."

அம்மா அக்காவின் முகத்தின் பக்கம் திரும்பி, "ஒன்னத் திட்டிட்டேனேடி," என்றாள்.