வெள்ளைப் பொத்தான் வந்த அன்று

‘பொத்தான் டீச்சர்’ என்ற பெயரை நான் முதலில் கேட்டது காய்கறிக் கடையில். “சின்னப் பிள்ளைங்களுக்குச் சூதாட்டம் சொல்லிக்கொடுக்குதாம் அந்தப் பொத்தான் டீச்சர் பொண்ணு!” என்று ஒரு தாய் பொரிந்து தள்ளினாள். அந்தப் பெண் வேறு யாருமில்லை, எங்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் என் நாத்தனார் மகள்தான்.

புகார் பள்ளிக்குப் போனது. பையிலிருந்து எந்தப் பொத்தான் வரும் என்று கணிக்கும் அந்தப் பாடத்தை நிறுத்தலாமா என்று முடிவு செய்யத் தலைமையாசிரியை பெற்றோரை வகுப்புக்கே அழைத்தார். நானும் போய்ப் பின்னால் நின்றேன்.

என் நாத்தனார் மகள் துணிப்பையில் ஒன்பது சிவப்புப் பொத்தானும் ஒரு வெள்ளையும் போட்டுக் குலுக்கினாள். “எது வரும்?”

“சிவப்பு வரத்தான் வாய்ப்பு அதிகம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

தலைமையாசிரியை பார்க்காமல் ஒன்றை எடுத்தார். வெள்ளை!

“என்னம்மா, உன் பாடம் பல்லிளிச்சிடுச்சே?” என்று சிரித்தார்.

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி எழுந்தாள். “அதிகம்னுதானே சொன்னோம் பெரிய டீச்சர்? வெள்ளை வரவே வராதுன்னு யாரு சொன்னா? திரும்பப் போட்டுப் போட்டு எடுங்க.”

எடுத்தார். சிவப்பு, சிவப்பு, மறுபடியும் சிவப்பு.

“இது புரிஞ்ச பிள்ளை எந்தச் சூதாட்டத்துலயும் போய் ஏமாறாது!” என்று புகார் சொன்னவளே கைதட்டினாள். பாடம் நிலைத்தது.

என் நாத்தனார் மகள் இப்போதும் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியைதான்.