நீலக் கூடையில் போட்டது

வெள்ளிக்கிழமை காலை ஏழே கால் மணி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன என் மகள், காது கேட்கும் மெஷினைக் கழற்றி ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். காலி டப்பா என்று நினைத்து அதை நீலக் கூடையில் போட்டுவிட்டேன். பச்சைக் கூடை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காததற்கு. பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போடுகிற வீடு எங்களுடையது.

அவள் வந்து தேடியபோது குப்பை வண்டி போய்விட்டிருந்தது. மெஷின் இல்லாவிட்டால் அவளுக்கு எதுவுமே கேட்காது.

ஊருக்கு வெளியே இருக்கும் குப்பைக் கிடங்குக்கு பைக்கில் விரைந்தேன். மக்காத குப்பை தனியாகத்தானே கிடக்கும், தேடி எடுத்துவிடலாம் என்று நம்பினேன். எங்கள் தெரு வண்டி அங்கே குப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. சோறு, மீன்முள், டயப்பர், உடைந்த கண்ணாடி எல்லாம் ஒரே குவியலாக விழுந்தன.

"மக்காத குப்பை எங்கவே?" என்று கத்தினேன்.

"எல்லாம் இங்கனதான் அண்ணாச்சி," என்றார் ஓட்டுநர்.

"அப்ப வீட்டுக்கு ரெண்டு கூடை எதுக்கு?"

"என்னையக் கேட்டா? எம் பொண்டாட்டியும் தெனமும் பிரிச்சுத்தான் போடுதா."

பிரிக்காவிட்டால் அபராதம் என்று வாசலில் நின்று மிரட்டிய நகராட்சிக்காரர்களை நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது. கம்பை வைத்து மதியம் வரை கிளறினேன். புகையும் நாற்றமும்தான் மிச்சம். டப்பா கிடைக்கவில்லை.

அப்போது மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகள் அந்த மேட்டை அண்ணாந்து பார்த்தாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் சத்தமாகக் கேட்டாள்:

"அப்பா, இதுல நம்ம வீட்டுக் குப்பை எது?"