சிவப்புச் சோறு

பேத்தியின் சிவப்பு பனியனை வெந்நீரில் நனைத்ததும் எழுந்த சாய வாசனை, இன்று பனியன் கம்பெனி வேன்கள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த எங்கள் லைன் வீட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே வரிசையாக இருந்த மூன்று குடும்பத்துக்கும் முதல் வீட்டுச் சரசக்காவின் குக்கர்தான். வீட்டுக்கொரு பாத்திரமாக மூன்று போசிகளில் அரிசியை அடுக்கி வைத்தால், எல்லோரும் வேலைக்குக் கிளம்புமுன் நாலு விசிலில் வெந்துவிடும்.

எங்கள் போசி எதுவென்று தினமும் கேட்கக் கூச்சப்பட்டு, சின்னப் பிள்ளையான நான் ஒருநாள் அதன் மூடியில் சிவப்பு பனியன் வேஸ்ட் துணியைக் கட்டினேன். குக்கரைத் திறந்தால் எங்கள் சோறு முழுக்கச் சிவப்பு! அம்மாவுக்கு மத்தியானம் பட்டினிதான் என்று பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“ஏனுங்க, உங்க புள்ள சோத்துக்கே சாயம் போட்டிருச்சுங்க! வெளிய வா கண்ணு” என்று சிரித்த சரசக்கா, தன் சோற்றை அம்மாவின் டிபன் பாக்ஸில் அள்ளிப் போட்டார், பக்கத்து வீட்டம்மாவும் போட்டார்.

அழுத்தி அழுத்திப் பார்த்தும் அன்று அந்த டிபன் பாக்ஸின் மூடி மூடவே இல்லை.