அத்தை கம்பியூட்டரைத் திறந்த நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கம்பியூட்டர் வந்தபோது அதை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. கோயிலில் வைக்கலாம் என்றார்கள் சிலர். அங்கே கரண்ட் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் தன் வீட்டில் வைக்கலாம் என்றார். அதற்கு அவருடைய மனைவியைத் தவிர ஒருவரும் ஒப்பவில்லை. கடைசியில் பிள்ளைக் காம்பராவின் பக்கத்து அறையில் வைத்தார்கள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்ட அறை எங்கள் டிவிசனில் அது ஒன்றுதான். பால்மாப் பெட்டிகளை ஒதுக்கி, மேசை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கம்பியூட்டருக்கு மாலையும் போட்டார்கள். பூ உள்ளே விழுந்துவிடும் என்று அத்தைதான் மாலையைக் கழற்றினாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, லுணுகலையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் மூன்று மாதம் கம்பியூட்டர் படித்தவள். அதைப் படிப்பு என்று அப்பா ஒத்துக்கொண்டதில்லை. "மூணு மாசம் பஸ்ஸுல போயிட்டு வந்துச்சு" என்றுதான் யாரிடமும் சொல்வார். ஆனால் ஏதோ தொண்டு நிறுவனத்தார் பாவித்து முடித்த கம்பியூட்டரை எங்களுக்குத் தந்தபோது, அதைத் தொடத் தெரிந்த ஆள் தோட்டத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இந்த நாட்டில் பிறந்தும் இந்த நாட்டின் பிரஜை என்று எழுத்தில் இல்லாதவர்கள் எங்கள் தோட்டத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். இது நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று எனக்கு ஒன்பது வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக, வீட்டு வரிசை ஒன்றுவிடாமல் போய் எதையோ எழுதிக்கொண்டு வருகிறாள் என்பதுதான். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், எந்த வருஷம். வருஷம் தெரியாதவர்களிடம் எந்த மண்சரிவுக்கு முந்தி, எந்தத் துரை இருந்தபோது என்று கேட்டுக் கேட்டு ஒரு வருஷத்தைப் பிடித்துவிடுவாள். பிறகு எல்லாவற்றையும் கம்பியூட்டரில் அடித்து ஒவ்வொருவருக்கும் நாலு பக்கப் பிரஜாவுரிமை ஃபாரமாக்கினாள். அடித்து முடித்த நாளில் கொப்பியை என்னிடம் தந்து, "இனி இது வேணாம், எல்லாம் உள்ள இருக்கு, நீ வச்சுக்க" என்றாள். நான் அதைக் கிழித்துக் கப்பல் செய்தேன். கார்த்திகை மழையில் எங்கள் லயத்து வாசலில் ஓடும் கானில் முப்பத்தெட்டுப் பேரும் மிதந்து போனார்கள்.

ஃபாரங்களை வாங்கிக்கொள்ள அதிகாரிகள் மறுநாள் காலை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள் என்ற நிலையில்தான் அது நடந்தது. அவற்றை அச்சடித்து எடுப்பதற்காக அத்தை காலையிலேயே போனாள். எனக்குச் சளி பிடித்திருந்ததால் பள்ளிக்கூடம் இல்லை. நானும் கூடப் போனேன். அத்தை பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து 'பீ' என்று ஒரு நீண்ட சத்தம். நின்றது. மறுபடி 'பீ'. பக்கத்து அறையில் ஏணையில் தூங்கிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பி அழத் தொடங்கின. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா ஓடி வந்து, "என்னா புள்ள, அதுக்கும் பசிக்குதா?" என்றார்.

அத்தை சிரிக்கவில்லை. அவளுடைய மூக்குநுனி வியர்த்திருந்ததைப் பார்த்தேன். குளிரில் நான் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தேன்.

செய்தி தொழிற்சாலைக்குப் போய் அப்பா வந்தார். தலைவரும் வந்தார். தலைவர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவர் வீட்டு ரேடியோ அப்படித்தான் பாடுமாம். பிறகு, பதுளைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றார். பதுளைக்குப் போய் வரவே அரை நாள் ஆகும். கடைக்காரர் பார்த்துத் தர எத்தனை நாளோ. கொப்பியைப் பார்த்துக் கையால் எழுதலாம் என்றார் அப்பா. கொப்பி கப்பலாகிப் போனது அத்தைக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்காமல், "கொப்பி இல்ல, என் தப்புதான் அண்ணே" என்றாள்.

"அப்பன்னா தெறந்து பாக்கறேன்" என்றாள் அத்தை.

"ஐயோ, தெறந்து பழுதாயிருச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார் தலைவர்.

"இப்பவும் பழுதுதாங்க. தெறந்தா அதவிட என்னா ஆகப்போகுது?"

உண்மையில் அத்தை அதுவரை எந்தக் கம்பியூட்டரையும் திறந்ததில்லை. பதுளையில் அவளுக்குப் படித்துக்கொடுத்த யாழ்ப்பாணத்து மாஸ்டர், மூடியில் யாராவது கை வைத்தால், "அது உங்கட வேலை இல்லை, பிள்ளை" என்று அடிமட்டத்தால் தட்டுவாராம். ஆனால் மாஸ்டர் தானே திறந்து பார்க்கும்போது, இவள் பின்வரிசை வாங்கில் இருந்து ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

அவள் நேராகப் பெட்டிக்குள் கை விடவில்லை. முதலில் கம்பியூட்டரின் வயரைக் கழற்றி, ஆயம்மா வெந்நீர் வைக்கும் கேத்தலின் வயரைச் செருகிப் பார்த்தாள், கேத்தல் கொதித்தது. "கரண்ட் நல்லாருக்கு." பிறகு திரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த வயரைப் பிடுங்கினாள். கறுப்பாக இருந்த திரையில் திடீரென்று மூன்று நிறக் கட்டங்கள் வந்து நின்றன. நான் கை தட்டினேன். "இன்னும் இல்லடி. கண்ணு நல்லாருக்குன்னுதான் இது சொல்லுது. கோளாறு மண்டையில" என்றாள்.

கரண்டை நிறுத்திவிட்டு, தையல் மெஷினின் சின்னத் திருப்புளியால் ஆணிகளைக் கழற்றினாள். மூடி வந்ததும் தலைவர் இரண்டு எட்டு பின்னால் போனார். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டு வந்தாள். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்றாள். எதைத் தொட முன்னும் போய் அந்தக் கம்பியைப் பிடித்துவிட்டு வருவாள். பார்ப்பதற்கு நேர்த்திக்கடன் வைத்துச் சுற்றுவது போலிருந்தது. ஒவ்வொரு வயரைக் கழற்றும்போதும், அது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் கீறிக்கொண்டாள். ஒன்றைக் கழற்றுவாள், பொத்தானை அமுக்குவாள், சத்தத்தைக் கேட்பாள், நிறுத்துவாள், கழற்றியதைத் திரும்ப மாட்டுவாள். அடுத்தது. ஒவ்வொரு 'பீ'க்கும் பிள்ளைகள் அழுதன. மூன்றாவது முறைக்குப் பிறகு அவையும் பழகிவிட்டன.

மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. தொழிற்சாலைக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, யாரும் கேட்காமலே டார்ச் லைட்டைப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மாத பஸ் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாக முக்கால் சாண் நீளப் பச்சைப் பட்டை ஒன்றை, இரண்டு பக்கமும் இருந்த கொளுவியை விலக்கி உருவினாள். அமுக்கினாள். அதே 'பீ'. திரும்பச் செருகினாள். அமுக்கினாள். அதே 'பீ'. அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இது இருந்தாலும் அதே சத்தம், இல்லாட்டியும் அதே சத்தம்."

"அப்பன்னா இது இல்ல, அடுத்ததப் பாரு."

"இல்லண்ணே. இதுதான் அதுக்கு ஞாபகம், இது இல்லாட்டித்தான் அப்பிடிக் கத்தும். இது இருக்கறதே அதுக்குத் தெரியல."

இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். எத்தனையோ படித்தவர்களோடு வேலை செய்துவிட்டேன். ஒரு சத்தத்தை அப்படிக் கேட்டவர்கள் அவர்களில் குறைவு.

பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன் ஓரத்தில் வரிசையாக இருந்த தங்கநிறப் பற்கள் கறுத்திருந்தன. எங்கள் ஊர்ப் பனி பித்தளைக் குடத்தையே ஒரு மாதத்தில் கறுக்கவைத்துவிடும். அத்தை, பெட்டிக்குள்ளிருந்த மெல்லிய பலகைகள் அசையாமல் மெதுவாகத் தூசியைத் துடைத்தாள். பிறகு அழிறப்பரால் அந்தப் பற்களை, குழந்தைக்குப் பல் துலக்குவது போல, இரண்டு பக்கமும் தேய்த்தாள். தங்கம் வெளியே வந்தது. 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினாள். திரையின் வயரையும் மாட்டினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அந்த முறை, கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அமுக்கினாள். ஒரே ஒரு சின்ன 'பிக்'. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின.

அப்பா டார்ச்சை அணைக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றார். தலைவர்தான், தான் தட்டியதில் ஏற்கெனவே கொஞ்சம் இளகியிருக்கும் என்றார். அத்தை அதற்கும், "ஆமாங்க, இருக்கும்" என்றாள்.

கம்பியூட்டரோடு வந்த பழைய பிரிண்டர் கரகரவென்று ஒவ்வொரு வரியாகக் கீறித் தாளைத் தள்ளியது. வரும் தாள்களை நான் உரக்கப் படித்தேன். பத்தோ பதினொன்றோ வந்தபோது அம்மாவின் பெயர் வந்தது. அம்மாவுடைய அப்பாவின் பெயர், தெமோதரைப் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தின் பெயர், எல்லாம் அச்சில். அப்பாவின் பெயரைத் தேடினேன், இல்லை. அத்தையின் பெயரும் இல்லை. அம்மா மட்டும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைகளிடம் ஓடிப்போய், "எங்க அம்மா பேரு கம்பியூட்டர்ல வந்திருக்கு, உங்க அம்மா பேரு வரல" என்றேன். ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மா கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். முப்பத்தெட்டுப் பேரும் இருப்பதில் நல்லதை உடுத்தியிருந்தார்கள். அதிகாரிகள் ஃபாரத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா அப்படித்தான் நடக்கும். ஆகவே அம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் நான் பலமாகக் கை தட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசையருகே இருந்த அத்தையும் என்னைப் பார்த்தாள். கண்டிப்பாள் என்று நினைத்தேன். அவளும் தட்டத் தொடங்கினாள். பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது.

அம்மா தாளை வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் நனைந்திருந்தது. பரிசு வாங்கிய ஆள் ஏன் அழ வேண்டும் என்று அப்பாவைக் கேட்டேன்.

"அழுவல. கூரை ஒழுகுது" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்து, தகரத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினேன்.