இடப்பக்கம் இழுக்கும் வண்டி

தம்பியைப் பார்க்கப் பாகூர் போகும் வழியில், கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் பைக் இடப்பக்கமாக இழுக்கிறது. மனைக்கல் நட்ட வயலோரக் கடையில் மெக்கானிக் இரண்டு சக்கரங்களையும் ஒட்டி நூல் பிடித்துப் பார்க்கிறார்.

“இன்னாண்ணா இது, செயின யாரு டைட் பண்ணது? ஒரு பக்கம் மட்டும் ரெண்டு கோடு அதிகமா இழுத்து வச்சிருக்காங்க. வீலு கோணலா நிக்குது.”

“எவனோ வேலை தெரியாதவன்” என்கிறேன்.

போன மாதம் வீட்டிலேயே முடுக்கியவன் நான்தான். மறுநாள் இதை ஓட்டிப்போன தம்பி விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அதன்பின் இன்றுதான் இதை வெளியே எடுத்திருக்கிறேன். வண்டிதான் இழுத்தது என்று ஆஸ்பத்திரியில் அவன் அழுதான். குடித்துவிட்டுப் பொய் சொல்லாதே என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மெக்கானிக் நட்டை இறுக்கிவிட்டு நிமிர்கிறார். “இனிமே நேரா போவும்ணா.”

நேராகத்தான் போகிறது. பாகூரில் தம்பி வீட்டுக்குத் திரும்பும் இடம் வருகிறது. நான் திருப்பவில்லை.