உடைஞ்ச குழாயைச் சரிபண்ண வச்சேன்

எங்க தெரு முக்குல, டேங்குக்குப் போற மெயின் குழாய் உடைஞ்சு ஒரு மாசமா தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நேத்து பொறுக்க முடியாம நகராட்சி ஆப்புல போட்டோ எடுத்துப் புகார் போட்டேன்.

இன்னைக்குக் காலையிலேயே ஆளுக வந்துட்டாக. தோண்டி, குழாயை மாத்தி, மண்ணையும் மூடிட்டாக. எனக்கே நம்ப முடியல.

எதுத்த வீட்டு பாண்டியம்மா அக்கா காலிக் குடத்தோட வந்து நின்னாக. பின்னாலயே தெருவுல பாதிப் பேரு, குடத்தோட.

"யாரு சொல்லி வந்தீக?"ன்னு அக்கா கேட்டாக.

வேலை பார்த்தவர் பெருமையா என்னையக் கைகாட்டுனாரு.

"ஏந்தம்பி, வீட்டுக் குழாயில பத்து நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. தெனமும் வந்தது இது ஒண்ணுதான். அது ஒன்னைய என்ன செஞ்சுச்சு?"

"வீணாப் போகுதேன்னு தான்க்கா."

"வீணாவா? மொறை வச்சுல்ல பிடிச்சோம். நீ கேன் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுக் காலையில பஸ்ஸுக்கு ஓடுற ஆளு. ஒனக்கு எப்படித் தெரியும்?"

அதுக்குள்ள வேலை பார்த்தவர் சேத்துக் கையோட, "ஒரு சொம்பு தண்ணி குடுங்கக்கா, கை கழுவிக்கிறேன்"ன்னாரு.

"அதைத்தான இப்ப அடைச்சீக"ன்னுட்டு அக்கா உள்ள போயிட்டாக. என் கேன்ல மிச்சமிருந்த தண்ணியிலதான் அவரு கை கழுவுனாரு.

இப்ப ஆப்பு, 'சேவை திருப்தியா இருந்ததா?'ன்னு கேட்டு அஞ்சு ஸ்டாரு காட்டுது. ஜன்னல் வழியா தெருவே என் போனைப் பாக்குற மாதிரி இருக்கு.

எத்தனை ஸ்டாரு குத்த? சொல்லுங்க.