வாடகைப் பத்திரத்தைப் பார்த்து எழுதிய ஒப்பந்தம்

எனக்கு ஒப்பந்தம் எழுதத் தெரியாது. இதை ஒத்துக்கொள்ளவே எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

அப்போது புனேயில், சாங்வி பக்கம் இரண்டு அறை வாடகை வீடு. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிசைன் வேலை செய்துகொண்டிருந்தேன். நிரந்தரமாகக் கிடைத்த முதல் வாடிக்கையாளர், மசாலாப் பொடி போட்டு விற்கும் ஒரு அண்ணாச்சி. மூன்று தலைமுறையாகப் புனேக்காரர். தமிழில் ஆரம்பித்தால் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவார். பாக்கெட், போஸ்டர், பண்டிகை விளம்பரம் எல்லாம் மாதா மாதம் நானே செய்வதாகப் பேச்சு. எதற்கும் எழுத்தில் இருக்கட்டும் என்றார்.

என் கையில் இருந்த ஒரே ஒப்பந்தம் எங்கள் வாடகைப் பத்திரம்தான். அதையே பார்த்து டைப் அடித்தேன். வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவர், குடியிருப்பவர் என்ற இடத்தில் நான், வீடு என்ற இடத்தில் டிசைன் வேலை. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. பதினோரு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்ற வரியும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

அதற்குள் நான் உண்டாகியிருந்தேன். ஒப்பந்தம் போட்ட ஐந்தாம் மாதம் டாக்டரம்மா என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பிரசவம் வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்றார். ஏற்கெனவே ஒன்று கலைந்திருந்தது. இதுவும் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்து முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். பதினோரு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அண்ணாச்சி கறார் பேர்வழி. லேபிளில் ஒரு எழுத்து பிசகியதற்காக மொத்தக் கட்டையும் அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியவர். "ஒரு போன் போட்டுச் சொல்லிடேன், கடிச்சா தின்னுருவாரு?" என்றார் என் கணவர். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, கணவரிடமே கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. தினம் மூன்று தடவை போன் செய்கிற மனுஷன்! வக்கீலைப் பார்க்கப் போயிருப்பார் என்று படுத்தபடியே முடிவுகட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். அண்ணாச்சி கையில் ஒப்பந்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏழாவது ஷரத்து. காலி பண்றதுக்கு முந்தி ஓனர் நேர்ல வந்து பார்க்கணும். நீங்கதான எழுதியிருக்கீங்க? அதான் வந்தோம்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அந்தம்மா தோளை அமுக்கிப் படுக்க வைத்தார்.

அண்ணாச்சி அடுத்த வரிக்குப் போனார். "ஃபேன், டியூப்லைட் எல்லாம் நல்ல நிலைமைல ஒப்படைக்கணும்னு போட்டிருக்கு. அரே, எங்கிட்ட எப்பம்மா ஃபேன் வாங்கினீங்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பேனாவை எடுத்து அந்தப் பதினோரு மாத வரியை அடித்துவிட்டு, பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்குப் பழைய போஸ்டரே போதும் என்றார்.

அந்தம்மா என் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "எங்களுக்கும் முதல் ரெண்டும் தங்கல. இதுக்குப் போயி லெட்டர் எழுதுவாங்களா?"

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த சமயம் அண்ணாச்சி போன் செய்தார். வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, வேறு ஆள் வைக்கவில்லை, எப்போது குடி வருகிறீர்கள் என்று அந்த ஒப்பந்தப் பாஷையிலேயே கேட்டார். நான் மூச்சு விடாமல் சரி என்றேன்.

இந்தத் தடவை ஒப்பந்தத்தை அவரே எழுதி அனுப்பினார். இந்தியில், ஒரே பக்கம். கையெழுத்துப் போடுமுன் வரி வரியாகப் படித்தேன். முதல் ஷரத்து: தாய்க்கோ பிள்ளைக்கோ முடியவில்லை என்றால் அன்றைக்கே காலி செய்யலாம், கடிதம் தேவையில்லை.